எந்தத் துண்டு துப்பாக்கி?

அமெரிக்காவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் துப்பாக்கிக் கடைக்குள் நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாநிலச் சட்டம் குறுக்கே நிற்காத ஊராக இருந்தால், முழுதாகக் கோத்து வைத்த ஏஆர்-15 ரைஃபிள் ஒன்றை அவன் வாங்கிக்கொண்டு போகலாம். அதே கடையில், அதே ரைஃபிளின் அடிப்பாகமான வெறும் அலுமினியக் கூட்டை மட்டும் கேட்டால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். அந்தக் கூட்டில் குழல் கிடையாது, விசை கிடையாது, தோட்டா போக வழி கிடையாது. எடை கால் கிலோ அளவுதான். ஆனாலும் அதை வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். சுடுகிற பொருளுக்கு 18, சுடாத பொருளுக்கு 21.

இதற்குச் சட்டத்தில் காரணம் உண்டு. உரிமம் பெற்ற வணிகர் 18 வயதானவருக்கு ரைஃபிளும் ஷாட்கன்னும் விற்கலாம். மற்ற எந்தத் துப்பாக்கிக்கும் 21 வயது வேண்டும் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். வெறும் கூடு இன்னும் ரைஃபிள் ஆகவில்லை. நாளை அதைக் கைத்துப்பாக்கியாகவும் கோக்கலாம். ஆகவே அது ‘மற்றவை’ கணக்கில் போய்ச் சேர்கிறது.

இந்த விசித்திரத்துக்குப் பின்னால் அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் ஓயாமல் அலசும் ஒரு கேள்வி இருக்கிறது. உதிரி வாங்கி வீட்டில் கோப்பதா, ஆலையில் கோத்ததை வாங்குவதா? சென்னை ரிச்சி தெருவில் கணினி வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ‘அசெம்பிள்டா, பிராண்டடா?’ என்று கேட்டுக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கியிருப்பார்கள். கணினியில் அந்தக் கேள்வி பெரும்பாலும் பணத்தோடு முடிந்துவிடும். துப்பாக்கியில் அது பணத்தில் தொடங்கி, கைவேலை, வரி, காவல் என்று நீண்டு 2025-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் கேள்வியின் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெபர்சன் கோத்த பூட்டு

1785-ல் தாமஸ் ஜெபர்சன் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தார். ஓனோரே பிளான் என்ற துப்பாக்கிக் கைவினைஞரை அங்கே சந்தித்தார். அக்கால மஸ்கட் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல்லை மோதவைத்துப் பொறி பறக்கச் செய்யும் பகுதிக்குப் ‘பூட்டு’ என்று பெயர். பிளான் ஐம்பது பூட்டுகளைக் கழற்றி, உறுப்புவாரியாக அறை அறையாகப் பிரித்து வைத்திருந்தார். கைக்கு வந்த துண்டுகளை எடுத்து ஜெபர்சன் தாமே சில பூட்டுகளைக் கோத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. ஊருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வியப்பைப் பதிவு செய்தார்.

அதுவரை துப்பாக்கியைக் கொல்லர் ஒவ்வொன்றாக அரம் போட்டுப் பொருத்தினார். ஒன்றின் திருகு இன்னொன்றில் ஏறாது. போர்க்களத்தில் ஒரு சிறு உறுப்பு உடைந்தால் கொல்லர் வரும்வரை அது வெறும் தடி. அந்தக் கொல்லரும் எல்லாவற்றையும் தாமே செய்தவர் இல்லை. பென்சில்வேனியாவின் புகழ்பெற்ற நீள ரைஃபிள்களைச் செய்தவர்கள் குழலையும் தோளில் வைக்கும் கட்டையையும் தங்கள் பட்டறையில் செய்துவிட்டு, பூட்டைப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரவழைத்தார்கள். வாங்கிக் கோப்பது அன்றே இருந்தது. ஆனால் கோக்கத் தெரிந்தவர் கொல்லர் மட்டும்தான்.

யார் வேண்டுமானாலும் கோக்கலாம் என்ற நிலைக்கு வர அமெரிக்காவுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1798-ல் எலி விட்னி இரண்டு ஆண்டுகளில் 10,000 மஸ்கட் தருவதாக அரசோடு ஒப்பந்தம் போட்டார்; கொடுத்து முடிக்கப் பத்தாண்டு ஆனது. மாற்றிப் பொருத்தும் உறுப்புகளின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்கள் அவரைக் கொண்டாடின. எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் கழற்றிப் பார்த்த ஆய்வாளர்கள், ஒன்றின் உறுப்பு மற்றதில் சரியாகச் சேரவில்லை என்று கண்டார்கள். காரியத்தைச் சாதித்தவர் ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆலையில் வேலை செய்த ஜான் ஹால். 1820-களில் அவருடைய ரைஃபிள்களின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தின. 1834-ல் கனெக்டிகட்டில் சிமியன் நார்த் செய்த உறுப்புகள் ஹாலின் துப்பாக்கியிலும் பொருந்தின. இரண்டு ஊர், இரண்டு பட்டறை, ஒரே அளவு. 1850-களில் பிரிட்டன் தன் என்ஃபீல்டு ஆலைக்கு அமெரிக்க இயந்திரங்களை வாங்கிப் போட்டது.

வீட்டு மேசையில் இன்று ஒருவர் மாலை நேரத்தில் ரைஃபிள் கோக்கிறார் என்றால், அந்த அரை நூற்றாண்டுகால அளவுகோல் வேலையின் கடைசி இரண்டு மணி நேரத்தை மட்டுமே அவர் செய்கிறார். ‘நானே செய்தது’ என்று அவர் சொல்வது பாதி உண்மை. அவர் கோத்தார், செய்தது ஆலை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வாதங்கள் தெளிவாகும்.

கோப்பதற்கு வசதியான உடல்

எல்லா ரைஃபிளும் வீட்டில் கோக்க ஏற்றதல்ல. இந்தப் பேச்சு பெரும்பாலும் ஏஆர்-15-ஐச் சுற்றியே நடப்பதற்கு அதன் அமைப்பே காரணம்.

கலிபோர்னியாவிலிருந்த ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் 1950-களில் வடிவமைத்த ரைஃபிளின் வழிவந்தது இது. பெயரிலுள்ள ‘ஏஆர்’ அந்த நிறுவனத்தின் பெயரைக் குறிக்கிறது. 1959-ல் உரிமையைக் கோல்ட் நிறுவனம் வாங்கியது. ராணுவத்துக்குப் போனது எம்16 ஆனது. பொதுமக்களுக்கான, விசைக்கு ஒரு குண்டு மட்டும் சுடும் வகை 1964-ல் கடைக்கு வந்தது. ஸ்டோனரின் வாயு இயக்கக் காப்புரிமை 1977-ல் காலாவதியானதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டது. ராணுவத்துக்காக வகுத்த அளவுகள் பல ஆலைகளுக்கும் பொது அளவாயின. ஒரு ஆலையின் மேற்பாகம் இன்னொரு ஆலையின் அடிப்பாகத்தில் உட்கார்ந்தது.

உடல் இரண்டு கூடுகளால் ஆனது. மேற்கூடான ‘அப்பர்’ குழலையும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டையும் தாங்குகிறது. அடிக்கூடான ‘லோயர்’ விசை, பிடி, மேகசின் ஆகியவற்றைத் தாங்குகிறது. இரண்டையும் சேர்ப்பவை இரண்டு முளைகள் மட்டுமே. ஒரே லோயரில் இன்று இலக்குச் சுடுதலுக்கான நீளக் குழலும் நாளை வேட்டைக்கான வேறு தோட்டாவின் குழலும் ஏற்றலாம். ‘ஆண்களின் பார்பி பொம்மை’ என்று அதை வைத்திருப்பவர்களே கேலி செய்வதுண்டு.

ஏகே வகை ரைஃபிளின் கதை வேறு. அதன் உடல் மடித்த இரும்புத் தகடு. உறுப்புகளை ரிவெட் அடித்து இறுக்க வேண்டும். குழலை அழுத்தி ஏற்ற வேண்டும். மேசையும் திருப்புளியும் போதாது, பட்டறையே வேண்டும். வேட்டைக்கான போல்ட் ரைஃபிள்களிலும் இரண்டு சாதி உண்டு. ரெமிங்டன் 700-க்குக் குழல் மாற்றக் கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் துப்பாக்கிக் கொல்லரிடம் போவதே வழக்கம். 1958-ல் வந்த சாவேஜ் 110 குழலை ஒரு திருகுமறையால் இறுக்குகிறது. ஆலைச் செலவைக் குறைக்கச் செய்த அந்த ஏற்பாடு, பல ஆண்டுகள் கழித்து வீட்டில் குழல் மாற்ற விரும்பியவர்களுக்கு வரமாயிற்று.

1994 செப்டம்பரில் அமெரிக்கா இவ்வகை ரைஃபிள்கள் பலவற்றின் உற்பத்திக்குப் பத்தாண்டுத் தடை போட்டது. 2004-ல் தடை காலாவதியானபின் சந்தை பெருகியது. துப்பாக்கித் தொழிலின் அமைப்பான என்.எஸ்.எஸ்.எஃப். 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி மக்கள் கையில் இருக்கும் இவ்வகை ரைஃபிள்கள் 2.4 கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய சந்தை இருப்பதால்தான் திருகு முதல் குழல் வரை ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகக் கடைக்கு வந்தது.

காசுக் கணக்கு

கோத்தால் மலிவு என்பது பலர் நம்பும் முதல் வாதம். அரைகுறை உண்மை அது.

ஆலை குழல்களை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது அல்லது தானே செய்கிறது. வீட்டில் கோப்பவர் ஒரு குழல், ஒரு போல்ட், ஒரு விசைத் தொகுதி என்று சில்லறை விலையில் வாங்குகிறார். ஒவ்வொன்றிலும் கடைக்காரரின் லாபமும் அனுப்புகூலியும் ஏறுகின்றன. லோயரை வெளியூரிலிருந்து தருவித்தால் அதைப் பெற்றுத் தரும் உள்ளூர் வணிகருக்குத் தனிக் கட்டணம். அப்புறம் கருவிகள்: குழல் மறையை இறுக்கும் சாவி, முறுக்குவிசை காட்டும் சாவி, கூட்டைப் பிடிக்கும் கட்டை, முளை அடிக்கும் உளிகள். ஒரே ஒரு ரைஃபிளுக்காக இவற்றை வாங்கினால் மிச்சம் பிடித்தது கருவிப்பெட்டிக்குள் போய்விடும். பெரிய ஆலைகளின் எளிய ஏஆர்-15, 500 டாலர் அளவில் கிடைக்கும் சந்தையில் அதைவிட மலிவாகக் கோப்பது கடினம்.

மறுபக்கம் ஒரு வரிக் கணக்கு உண்டு. 1937-ன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின் கீழ், உற்பத்தியாளர் விற்கும் ரைஃபிளுக்கு 11 விழுக்காடு கலால் வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. தனித்தனியாக விற்கும் உதிரிகளுக்கு இந்த வரி பொதுவாக இல்லை. ஒரு ரைஃபிளுக்கான எல்லா உறுப்புகளையும் ஒரே கட்டாக விற்றாலோ அதை முழுத் துப்பாக்கியாகவே வரித்துறை பார்க்கிறது. கலிபோர்னியா 2024 ஜூலை முதல் தன் பங்குக்கு இன்னொரு 11 விழுக்காடு போட்டிருக்கிறது. அது சில உறுப்புகளையும் விடவில்லை.

பணம் உண்மையில் மிச்சமாகும் இடம் உயர்விலை ரைஃபிள்தான். குறிப்பிட்ட குழல், குறிப்பிட்ட விசை, குறிப்பிட்ட கைப்பிடி என்று தேர்ந்தெடுப்பவர் ஆலையில் கோத்ததை வாங்கினால், அதிலிருந்து பாதியைக் கழற்றி மூலையில் போட நேரும். உதிரியாகக் கோத்தால் வேண்டியதற்கு மட்டும் பணம். அதோடு சீட்டுக் கட்டுவதுபோல் மாதம் ஒரு துண்டாகச் சேர்க்கலாம். சம்பளக்காரர்கள் பலர் கோப்பதற்கு இதுவே காரணம். மொத்தத்தில் கூடுதலாகச் செலவானாலும் ஒரே நாளில் கை கடிக்காது.

கையிருப்பும் ஒரு விஷயம். 2020-ல் பெருந்தொற்றும் தேர்தலும் சேர்ந்து வந்தபோது துப்பாக்கிக்கான எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை எண்ணிக்கை அந்த ஓராண்டில் 3.9 கோடியைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்களில் எது நல்லது என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. அலமாரியில் இருப்பதே நல்லது.

கை அறியும் அறிவு

பணத்தை ஒதுக்கிவிட்டால் கோப்பவர் பக்கம் வலுவான வாதம் ஒன்று நிற்கிறது: தான் கோத்ததை ஒருவர் அறிவார். எந்த வில் எதைத் தள்ளுகிறது, காலியான தோட்டாக்கூடு வெளியேறாமல் சிக்கினால் எங்கே பார்ப்பது, எந்த முளை தேயும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். ஏஆர்-15 கோத்த யாரைக் கேட்டாலும் லோயரின் முன்முளையை நிறுத்தும் துளியூண்டு சுருள்வில் கையிலிருந்து பறந்து போய், முட்டி போட்டுத் தரையில் தேடிய கதை சொல்வார்கள். மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கும் ஓட்ட மட்டும் தெரிந்தவனுக்கும் உள்ள தூரம் இது.

ஆனால் மிதிவண்டியில் செயின் கழன்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இந்த ரைஃபிளுக்கான .223 தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை அழுத்தம் எழ அளவு வகுத்திருக்கிறார்கள். முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் அது நடக்கிறது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் அறைக்கும் உள்ள இடைவெளி மயிரிழை பிசகினாலும் தோட்டாக்கூடு கிழியலாம். ஒரு ஆலையின் குழலையும் வேறோர் ஆலையின் போல்ட்டையும் சேர்ப்பவர் இதைக் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் பொருந்திவிடும் என்பதே பலரைச் சோதிக்காமல் விடவைக்கிறது.

பிரிட்டனில் பொதுமக்களுக்கு விற்கும் துப்பாக்கியை முதலில் லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, கூடுதல் அழுத்தத் தோட்டாவால் சுட்டு, முத்திரை வாங்க வேண்டும். பர்மிங்காம் கூடம் 1813 முதல் இந்த வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயமில்லை. 1926-ல் உருவான சாமி என்ற தொழில் அமைப்பு வகுத்த அளவுகளை ஆலைகள் தாமாகப் பின்பற்றுகின்றன. ஆலையில் கோத்த ரைஃபிளை வாங்குபவர் அந்த ஒழுங்கையும் சேர்த்து வாங்குகிறார். வீட்டில் கோப்பவருக்குச் சோதனைக்கூடமும் அவரே, முத்திரையும் அவரே.

கோளாறு வந்தால் என்ன? ஆலை ரைஃபிளைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருவார்கள். கோத்த ரைஃபிள் சிக்கினால் குழல்காரர் போல்ட்காரரைக் கைகாட்டுவார், போல்ட்காரர் மேகசின்காரரைக் கைகாட்டுவார். கடைசியில் விரல் கோத்தவரை நோக்கித் திரும்பும். விற்கும்போதும் இதே கதி. யார் கோத்தது என்று தெரியாத ரைஃபிளுக்கு அடுத்தவர் உதிரி விலைகூடத் தரத் தயங்குவார்.

அதனால்தான் அனுபவசாலிகள் பலர் நடுவழி ஒன்றைப் பிடிக்கிறார்கள். குழலும் போல்ட்டும் அடங்கிய அப்பரை ஆலையில் கோத்தபடி வாங்கிவிடுகிறார்கள். லோயரைத் தாமே கோக்கிறார்கள். அழுத்தம் தாங்கும் பாதி ஆலையின் பொறுப்பு, கைக்குப் பழகும் பாதி தன் பொறுப்பு. வெகுதூர இலக்குச் சுடுதலில் போட்டியிடுபவர்கள் இன்னொரு வழி போகிறார்கள். உடலும் குழலும் கட்டையும் தனித்தனியே தேர்ந்தெடுத்து, பொருத்தும் வேலையைத் தேர்ந்த கொல்லரிடம் விடுகிறார்கள். ஜெபர்சனுக்கு முந்தைய முறை அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

சட்டத்தின் கண்ணில் ஒரு துண்டு

1938-ன் கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியின் எந்த உறுப்பையும் துப்பாக்கியாகவே கருதியது. ஒவ்வொரு திருகையும் வில்லையும் துப்பாக்கியாகப் பதிவது நடைமுறைக்கு ஒவ்வவில்லை. 1963-ல் கென்னடியைக் கொன்ற இத்தாலிய ரைஃபிள், தொலைநோக்கியோடு 19.95 டாலருக்கு அஞ்சலில் வாங்கப்பட்டது. அதன்பின் எழுந்த அலையில் 1968-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அஞ்சல் விற்பனைக்குக் கதவடைத்து, வணிகத்துக்காகச் செய்யும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் கட்டாயம் என்றது. உறுப்புகளில் ‘ரிசீவர்’ எனும் உடலை மட்டும் துப்பாக்கியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டது.

ஏஆர்-15-ல் அந்தப் பட்டம் லோயருக்குக் கிடைத்தது. அதை வாங்க உரிமம் பெற்ற கடைக்குப் போய், 4473 எண் படிவம் நிரப்பி, 1998 முதல் நடைமுறையில் உள்ள பின்னணிச் சோதனையைத் தாண்ட வேண்டும். குழலும் போல்ட்டும் விசையும் சாதாரண அஞ்சலில் வீட்டுக்கு வரும்.

இதில் ஓர் ஓட்டை இருந்தது. ரிசீவர் என்றால் சுத்தியல், போல்ட், சுடும் பொறி ஆகியவற்றுக்கு இடம் தந்து, முன்னால் குழலை ஏற்கும் பாகம் என்று விதி சொன்னது. ஏஆர்-15-ல் சுத்தியல் அடிக்கூட்டில், போல்ட் மேற்கூட்டில். இரண்டில் எதுவும் விதிக்கு முழுதாகப் பொருந்தவில்லை. கலிபோர்னியாவில் சில வழக்குகளில் எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டியதும் அரசுத் தரப்பு தடுமாறியது. நாட்டிலேயே அதிகம் விற்கும் ரைஃபிள்களில் ஒன்றுக்குச் சட்டப்படி உடலே இல்லை என்றாகிவிடும் ஆபத்து! 2022-ல் வந்த புதிய கூட்டாட்சி விதி ஏஆர்-15-ன் லோயரே ரிசீவர் என்று பெயர் சொல்லி எழுதி அந்த ஓட்டையை அடைத்தது.

கோப்பவர் கவனிக்க வேண்டிய வேறு வேலிகளும் உண்டு. 1934-ன் சட்டப்படி இன்று 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளை அரசின் முன்அனுமதியும் பதிவும் இல்லாமல் கோக்க முடியாது. அதற்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்ஜியம். பதிவு மட்டும் தொடர்கிறது. இறக்குமதிக்குத் தடையுள்ள வகையை வெளிநாட்டு உதிரிகளால் கோத்தால், விதி பட்டியலிடும் 20 உறுப்புகளில் பத்துக்கு மேல் அயல்நாட்டுச் சரக்கு இருக்கக் கூடாது. ஏகே விரும்பிகள் எண்ணி எண்ணி உறுப்பு மாற்றுவது இதனால்தான்.

பெட்டிக்குள் பிரிந்து கிடக்கும் உறுப்புகள் துப்பாக்கியா என்ற கேள்வி 1992-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. தாம்சன்/சென்டர் நிறுவனம் ஒரு கைத்துப்பாக்கியையும், அதை ரைஃபிளாக்கும் கட்டையையும் நீளக் குழலையும் ஒரே தொகுப்பாக விற்றது. அதே துண்டுகளால் முன்அனுமதியும் பதிவும் வேண்டிய குட்டை ரைஃபிளையும் கோக்க முடியும் என்றது அரசு. முறையான பயன் இருக்கும்போது, கோக்க முடியும் என்பதாலேயே கோத்ததாகக் கொள்ள முடியாது என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது.

இங்கே அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. லோயர் என்ற வெறும் கூடும் சட்டத்தில் துப்பாக்கிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

எண் இல்லாத துப்பாக்கி

ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு, விற்கும் எண்ணமில்லாமல் துப்பாக்கி செய்துகொள்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. அதற்கு வரிசை எண்ணும் கேட்கவில்லை. அரம் பிடிக்கத் தெரிந்த சிலரின் பொழுதுபோக்காக இருந்தவரை யாரும் பொருட்படுத்தவில்லை. முக்கால்வாசிக்கு மேல் முடித்த உடல்களை ‘எண்பது விழுக்காடு’ என்ற பெயரில் நிறுவனங்கள் அஞ்சலில் விற்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. முடிக்காதது என்பதால் எண் இல்லை. எண் இல்லாததால் சோதனை இல்லை.

2013-ல் சான்டா மோனிகாவில் ஐந்து பேரைக் கொன்றவன், இரண்டாண்டு முன்பு துப்பாக்கி வாங்க முயன்று மாநில நீதித்துறையால் மறுக்கப்பட்டவன். அவன் கையில் இருந்தது உறுப்புகளிலிருந்து கோத்த ரைஃபிள். காவல் துறைகள் தடம் தேடக் கூட்டாட்சி அரசுக்கு அனுப்பிய வரிசை எண் இல்லாத துப்பாக்கிகள் 2017-ல் ஏறத்தாழ 1,600. 2021-ல் 19,000-க்கும் மேல். எண் இல்லாவிட்டால் தடமும் இல்லை.

2022-ன் விதி, எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கோப்புத் தொகுப்புகளையும் முடியாத உடல்கள் சிலவற்றையும் துப்பாக்கியாகவே கருத வேண்டும் என்றது. எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 மார்ச் 26 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியாக அறியப்படும் நீதிபதி நீல் கோர்சச். எழுதி முடிக்காத கையெழுத்துப் பிரதியையும் எழுத்தாளர் நாவல் என்றே சொல்கிறார். பெட்டியில் துண்டாக வந்ததையும் வாங்கியவர் மேசை என்றே சொல்கிறார். துப்பாக்கிக்கும் அப்படியே என்பது அவர் வாதத்தின் சாரம். நீதிபதிகள் தாமஸும் அலிட்டோவும் மாறுபட்டார்கள். இதற்கிடையே பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சட்டங்களைக் கொண்டுவந்தன. கலிபோர்னியாவில் 2018 முதல் வீட்டில் செய்பவரும் முன்கூட்டியே எண் வாங்கிப் பொறிக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். கடையில் படிவம் நிரப்பி எண்ணுள்ள லோயரை வாங்கி வீட்டில் கோப்பவர், முழு ரைஃபிள் வாங்குபவர் கடக்கும் அதே சோதனையைக் கடந்தவர். அவரும் எண் இல்லாத துப்பாக்கி செய்பவரும் ஒரே கூட்டமல்ல. கோப்பதை முழுதாகத் தடுக்கச் சொல்பவர்களும் எதற்கும் எண் கூடாது என்பவர்களும் இந்த வேறுபாட்டை அழித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

நம் ஊரில் இந்தக் கேள்வி

இந்தியாவில் தனி மனிதருக்கு இந்தக் கேள்வியே எழாது. 1959-ன் ஆயுதச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குள் உறுப்புகளையும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களையும்கூட அடக்கிவிடுகிறது. உரிமமின்றிச் செய்வதும் குற்றம். அமெரிக்கா ஒரு துண்டுக்கு மட்டும் எண் போடுகிறது. இந்தியாவில் எல்லாத் துண்டும் ஆயுதம்.

ஆனால் அரசுக்கு அந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது. 2019-ல் அரசு தன் படைகளுக்காக 72,400 சிக்716 ரைஃபிள்களை அமெரிக்காவிலிருந்து கோத்தபடியே வாங்கியது. 2021 டிசம்பரில் 6,01,427 ஏகே-203 ரைஃபிள்களை உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் செய்ய ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது. முதலில் ரஷ்ய உறுப்புகளைக் கோத்து, படிப்படியாக உள்நாட்டு உறுப்புகளைக் கூட்டுவது திட்டம். திருச்சிராப்பள்ளியோ, 1966 முதல் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலையில் குழல் முதல் கட்டை வரை செய்து பழகிய ஊர். அவசரத்துக்கு வாங்குவது, பழகக் கோப்பது, நிலைத்து நிற்கச் செய்வது என்று மூன்று படிகளையும் ஒரு நாடே ஏறிப் பார்க்கிறது.

தீர்ப்பு

முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு ஆலையில் கோத்ததே சரி. விலை குறைவு, பொறுப்பேற்க ஆள் உண்டு, அழுத்தம் தாங்கும் பாகங்களை அளந்து பார்த்த கை உண்டு. ஒன்றை வைத்துப் பழகி, என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டவருக்கு ஆலை அப்பரும் வீட்டில் கோத்த லோயரும் நல்ல இரண்டாம் படி. மிச்சம் பிடிக்கக் கோப்பவர் ஏமாறுவார். கற்றுக்கொள்ளக் கோப்பவர் ஏமாற மாட்டார். துல்லியம் தேடுபவர் கொல்லரைத் தேடட்டும். எண்ணிலிருந்து தப்பிக்கக் கோப்பவருக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

கோப்பதற்கு அமெரிக்கா தரும் சுதந்திரம் முழுவதும் கால் கிலோ அலுமினியக் கூட்டில் பொறித்த சில இலக்கங்களை நம்பி நிற்கிறது. குழலை யாரும் அஞ்சலில் வாங்கலாம், வில்லை யாரும் மாற்றலாம். அந்த ஒரு துண்டை மட்டும் பெயர் சொல்லி, கையெழுத்திட்டு வாங்க வேண்டும். அதிலும் விலக்கு கேட்பவர்கள் மற்ற எல்லாத் துண்டுகளுக்கும் எண் வந்து சேர வழி செய்கிறார்கள்.